டெல்டாவுல ஒரு சிற்றிதழ் ஆரம்பிக்கணுமா? எந்த வேலைய எப்ப செய்யணும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் இருந்துகிட்டு நம்ம ஆளுங்க பத்தி, அதாவது வயல்வேலைக்குப் போறவங்க, தப்புப் பறை அடிக்கிறவங்க, மீனவங்க, திருநங்கைங்க, நரிக்குறவங்க, இவங்க சொந்தக் குரல்ல பேசுற மாதிரி ஒரு பத்திரிகை கொண்டு வரணும்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நான் இந்த வழில போனப்ப எத முதல்ல செய்யணும், எத அப்புறம் செய்யணும்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. நெட்ல தேடினா பழைய சட்டத்துக்கான விவரம்தான் வருது, ஏஜென்டுங்கள கேட்டா காச மட்டும்தான் சொல்றாங்க. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். நம்ம மாதிரி இதழ்களுக்கு எதிர்ப்பு வரும்போது நேரா கருத்துக்கு எதிரா வராது, ஒரு காகிதம் இல்ல, ஒரு கையெழுத்து இல்லன்னு சொல்லிக்கிட்டுதான் வரும். அதனால ஃபைல சுத்தமா வச்சுக்கிறது நம்ம வேலைல ஒரு பாதி, அத சலிப்பா நினைக்காதீங்க.

1. முதல்ல ஆளுங்க, அப்புறம்தான் தலைப்பு

எல்லாரும் பேரு வைக்கிறதுலேந்து ஆரம்பிக்கிறாங்க, லோகோ போடுறாங்க, பேஸ்புக் பக்கம் திறக்குறாங்க, அப்புறம் பேசுறதுக்கு ஆள் தேடுறாங்க. தலைகீழா செய்யுங்க. முதல் ரெண்டு இதழுக்கு யார் யார் எழுதுவாங்க, யார் யார் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்கணும்னு ஒரு பட்டியல் போடுங்க, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் மத்த வேலைக்குப் போங்க.

இங்க காலம் முக்கியம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாங்கன்னா குறுவை வேலை, அப்புறம் சம்பா நாத்து, நடவு, களைன்னு போயிட்டே இருக்கும், அந்த நேரத்துல நடவுக்குப் போற ஒரு அம்மாவ உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பேசச் சொல்றது அவங்க கூலில கை வைக்கிறதுதான். அறுவடை முடிஞ்சு மாசி பங்குனிக்கு அப்புறம் போனா நிதானமா பேசுவாங்க. கடலோரத்துல கிழக்குக் கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகுல போறவங்க கரைல இருக்கிற காலம் அது. ஆனா அதுவே வருமானம் இல்லாத காலமும்தான், வெறுங்கையோட போயி கதை கேக்காதீங்க, பேசுறதுக்கு ஒரு தொகைய பட்ஜெட்லயே ஒதுக்கிடுங்க. தப்பு, நையாண்டி மேளக் கலைஞர்கள் பங்குனி, சித்திரை, ஆடில திருவிழா வேலைல இருப்பாங்க, மார்கழி பக்கம் கிடைப்பாங்க.

வருஷ நடுவுல பதிவுக்கு விண்ணப்பம் போட்டுட்டு, இந்தப் பக்கம் பேச ஆள் இல்லாம முதல் இதழ் தள்ளிப் போயிட்டே இருக்கிறத நிறைய பேருகிட்ட பார்த்துட்டேன்.

2. ஒப்புதல் கடிதம் – இத விடவே விடாதீங்க

சட்டப்படி உங்கள யாரும் உடனே கேக்க மாட்டாங்க, ஆனா முழு வேலைலயும் ரொம்ப முக்கியமானது இதுதான்.

ஒரு பக்கத்துல, பேசுற தமிழ்ல, பெரிய எழுத்துல ஒரு படிவம் போடுங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் நீங்க வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. அதுல என்னென்ன இருக்கணும்னா: சொந்தப் பேரு போடலாமா புனைபேரா, ஊர் பேரு போடலாமா, போட்டோ போடலாமா, அச்சுல மட்டுமா இல்ல பிடிஎஃப், யூடியூப், பேஸ்புக்லயும் போடலாமா (இது ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா ஆமா இல்லன்னு கட்டம் வேணும், மொத்தமா ஒரே கையெழுத்து வாங்காதீங்க), எந்தத் தேதி வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம், எத்தன பிரதி குடுப்பீங்க, எவ்வளவு பணம் குடுப்பீங்க. எழுத்தோட உரிமை அவங்களோடதுதான், இந்த இதழ்ல ஒரு தடவ போடத்தான் அனுமதின்னும் ஒரு வரி. கைநாட்டு வச்சா பக்கத்துல அவங்க வீட்டு ஆளு ஒருத்தர் சாட்சியா கையெழுத்துப் போடட்டும். படிச்சுக் காட்டி சரின்னு சொன்னத போன்ல ரெக்கார்டும் பண்ணி வச்சுக்குங்க. படிவத்துல ஒரு காப்பி அவங்ககிட்ட இருக்கணும், அதுல உங்க போன் நம்பர் இருக்கணும்.

இங்க பெரிய பொறி ஒன்னு இருக்கு. பேர மாத்திட்டா போதும்னு நினைக்காதீங்க. டெல்டா கிராமத்துல தெரு பேர சொன்னாலே சாதி தெரிஞ்சுடும், ஊரு பேரு, தெரு, யார் வயல்ல வேல பாத்தாங்க, இந்த மூணும் ஒரே கட்டுரைல இருந்தா ஆளு யாருன்னு அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இதழ் படிக்கிறது சென்னைல இருக்கிறவங்க மட்டும் இல்ல, அந்த ஊர் ஆளு ஒருத்தர் கும்பகோணத்துல வாங்கிட்டுப் போயி டீக்கடைல குடுப்பாரு. பேசுனவங்க நாளைக்கு அதே வயலுக்கு, அதே கடைக்கு, அதே குழாய்க்குப் போகணும். அதனால பிரதி அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முடிஞ்ச வடிவத்த அவங்களுக்கு இன்னொரு தடவ படிச்சுக் காட்டி, "இத வச்சு உங்கள அடையாளம் கண்டுபிடிப்பாங்களா"ன்னு நேரா கேளுங்க. எது ஆபத்துன்னு உங்களவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்துல கறாரா இருக்கிற இடங்கள்: பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க யாருன்னு தெரியிற மாதிரி எதையும் அச்சிடக்கூடாது (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 72), குழந்தைங்க விஷயத்துல போக்சோ சட்டம் பிரிவு 23 இதே மாதிரி ஊடகங்கள கட்டுப்படுத்துது. ஒரு ஆள பேர் சொல்லி குத்தம் சாட்டுற கட்டுரைன்னா அவதூறு வழக்கு (அதே சன்ஹிதால பிரிவு 356) வரலாம்னு எடுத்துக்கிட்டு, எஃப்ஐஆர் நகல், மனு ரசீது, தீர்ப்பு நகல் எது இருக்கோ அத கைல வச்சுக்கிட்டு ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. வழக்கு நடந்துட்டு இருந்தா கண்டிப்பா காட்டுங்க, நம்ம கட்டுரைல ஒரு வரி மாறி வந்து அது அவங்க சாட்சியத்துக்கு எதிரா போயிடக்கூடாது.

பாட்டு சேகரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு எத போட்டாலும் பாடினவங்க பேரப் போடுங்க. "நாட்டுப்புறப் பாடல், சேகரித்தவர் இன்னார்"னு சேகரிச்சவர் பேரு மட்டும் வர்ற பழக்கத்த நம்ம இதழ்லயாவது நிறுத்தணும்.

3. பருவ இதழா, புத்தகமா?

இத முடிவு பண்ணாம ஒரு ரூபாயும் செலவு பண்ணாதீங்க, ஏன்னா பதிவு, தபால், கடை எல்லாம் இத வச்சுத்தான் மாறும்.

முதல் வழி, முறையா பதிவு பண்ணின பருவ இதழ். 1867ம் வருஷத்து பழைய சட்டம் போயி, 2023ல வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1லேந்து நடப்புல இருக்கு. பத்திரிகைகள பதிவு பண்ற மத்திய அரசு ஆபீஸுக்கு முன்னாடி ஆர்என்ஐன்னு பேரு, இப்ப பிஆர்ஜிஐ. ஒழுங்கான இடைவெளில, பொதுச் செய்தியோ அது மேல கருத்தோ போட்டு அச்சடிச்சா அது பருவ இதழ், பதிவு வேணும். பதிவு இல்லாம நடத்தினா 5 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு, நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தும் 6 மாசத்துக்குள்ள நிறுத்தலன்னா சிறைத்தண்டனை வரைக்கும் போகும்.

ரெண்டாவது, புத்தக வடிவம். கால இடைவெளி சொல்லாம, ஒவ்வொன்னுக்கும் தனித் தலைப்பு வச்சு, தொகுப்பு நூலா ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்கிற சர்வதேச எண்) போட்டு கொண்டு வர்றது. புத்தகம் அந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஐஎஸ்பிஎன் மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமா குடுக்குறாங்க, ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். காசு கேக்குறவங்ககிட்ட வாங்காதீங்க.

மூணாவதா நம்ம சிற்றிதழ்கள் ரொம்ப காலமா பண்றது, "தனிச்சுற்றுக்கு மட்டும்"னு பின்னட்டைல போட்டு விடுறது. அந்த ஒரு வரி நம்மள காப்பாத்தும்னு நம்பாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச ஐம்பது பேருக்குள்ள கைமாத்துற இலக்கிய இதழுக்கு அது சரி, சாதி, நிலம், கூலி பத்தி எழுதி கடைல வச்சு விக்கிற இதழுக்கு அது பத்தாது.

என் கருத்த கேட்டா, முதல் ஒன்னு ரெண்டு தொகுப்ப புத்தகமா கொண்டு வாங்க, ஆளுங்க, காசு, விற்பனை எல்லாம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சதும் பருவ இதழா பதிவு பண்ணுங்க. பதிவு பண்ணிட்டு தொடர்ச்சியா கொண்டு வரலன்னா பதிவ நிறுத்தி வைக்கவும் சட்டத்துல வழி இருக்கு, அதனால மாத இதழ்னு ஆசையா போட்டுட்டு வருஷத்துக்கு ரெண்டு கொண்டு வர்றது ஆபத்து.

4. யார் பேர்ல?

தனி ஆள் பேர்ல இருந்தா சுலபம், ஆனா அந்த ஆளுக்கு வேலை மாத்தல், உடம்பு முடியாம போறதுன்னு ஏதாச்சும் ஆனா இதழ் நின்னுடும். சங்கமா பதிவு பண்ண தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி குறைஞ்சது 7 பேர் வேணும், வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும். டிரஸ்டுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதியணும். அரசு வேலைல இருக்கிறவங்க பேர்ல உரிமையாளர், ஆசிரியர்னு போடாதீங்க, நடத்தை விதில மாட்டும்.

கரன்ட் அக்கவுன்ட்டுக்கு பேங்க்ல ரெண்டு ஆதாரம் கேப்பாங்க, தனி ஆள் நடத்துற பதிப்பகம்னா உத்யம் (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றிதழ் ஒன்னா எடுத்துக்குவாங்க. உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதார் பான் இருந்தா வீட்டுலயே போட்டுடலாம். இதழ் பணத்த சொந்த ஜிபேல வாங்காதீங்க, பின்னாடி கணக்குக் கேக்கும்போது பதில் சொல்ல முடியாது.

வெளிநாட்டுப் பணம் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடால இருக்காங்க. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010ல பிரிவு 3 என்ன சொல்லுதுன்னா, பதிவு பெற்ற பத்திரிகையோட ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர், பத்தி எழுதுறவர், கார்ட்டூன் போடுறவர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. இந்தியக் குடியுரிமையோட வெளிநாட்டுல வேல பாக்குற ஒருத்தர் தன் சொந்த சேமிப்புலேந்து பேங்க் வழியா அனுப்புறது இதுல வராது. ஆனா அங்க குடியுரிமை வாங்கிட்டவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கிறது) வச்சிருக்கிறவர் குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடைதான், சொந்த மாமாவா இருந்தாலும் அப்படித்தான். காரைக்கால்ல பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கு, அங்கேந்து வர்ற உதவிக்கும் இதே விதி. சந்தா வேற, நன்கொடை வேற. இதழோட விலைக்கு ஈடா வர்ற பணம் நன்கொடை ஆகாது, அதனால வெளிநாட்டுச் சந்தாவுக்கு ஒரு விலை நிர்ணயம் பண்ணி, ரசீது போட்டு, பிரதி அனுப்புன தபால் ரசீதையும் சேத்து வச்சுக்குங்க.

5. பிரஸ் சேவா போர்ட்டல்ல பதிவு

பிரஸ் சேவாங்கிறது பிஆர்ஜிஐயோட இணையதளம், இப்ப எல்லாமே அங்க ஆன்லைன்லதான். மாஜிஸ்திரேட் முன்னாடி நேர்ல போயி உறுதிமொழி குடுக்கிற பழைய முறைய யாராச்சும் சொன்னா அது 2024க்கு முந்துன கதை.

போறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது: உரிமையாளர், வெளியிடுபவர், ஆசிரியர் (மூணும் ஒரே ஆளா இருக்கலாம்) ஆதார், பான், போட்டோ, கையெழுத்து ஸ்கேன், வெளியீட்டு இடத்துக்கு முகவரிச் சான்று, சங்கம் டிரஸ்டுன்னா பத்திரமும் தீர்மான நகலும், அச்சகத்தோட ஒப்பந்தம். ஆதார் வழியா இ-சைன் பண்ணணும், அதனால ஆதார்ல இருக்கிற போன் நம்பர் உங்க கைல இப்ப இருக்கிற நம்பரான்னு பாத்துக்குங்க, இந்த ஒன்னுலயே பாதி பேர் நின்னுடறாங்க.

தலைப்பு: ஒரே மொழிலயோ ஒரே மாநிலத்துலயோ வேற யார்கிட்டயாவது அதே பேரோ, அத ஒட்டின பேரோ இருந்தா கிடைக்காது. காவிரி, பொன்னி, மருதம், விடியல் மாதிரி பேருங்க எல்லாருக்கும் முதல்ல தோணுறது, அதனால மாத்து பேருங்கள விருப்ப வரிசைல கைல வச்சுக்குங்க. தலைப்பு கிடைக்க எவ்வளவு வாய்ப்புன்னு சதவீதத்துல காட்டுற வசதி போர்ட்டல்ல இருக்கு, அதுல தட்டிப் பாத்துட்டு போடுங்க. சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடி போஸ்டர், அட்டை, சந்தா புத்தகம் எதையும் அடிக்காதீங்க.

விண்ணப்பம் போனதும் அது மாவட்ட நிர்வாகத்துக்கும் போகும், கலெக்டர் தரப்புலேந்து கருத்து சொல்ல 60 நாள் அவகாசம். இந்த நேரத்துல உள்ளூர் போலீஸ்லேந்து விசாரிச்சு போன் வரலாம். பதட்டப்படாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, முதல் இதழோட கட்டுரைங்கள காட்டுங்கன்னு கேட்டா அச்சாகல, வந்ததும் அனுப்புறோம்னு சொல்லுங்க, பேசுனவங்க பேரு, ஒப்புதல் படிவம் எதையும் குடுக்காதீங்க. மொத்தமா மூணு நாலு மாசம்னு கணக்கு வச்சுக்கிட்டா நிம்மதி. கட்டணம் போர்ட்டல்லயே கட்டுறதுதான், ஏஜென்ட் கேக்குற தொகையோட பாத்தா ரொம்ப சின்னது. ஏஜென்ட்கிட்ட குடுத்தா அவர் மெயில் ஐடி, அவர் பாஸ்வேர்டுல கணக்கு திறப்பாரு, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவர்கிட்டயே போகணும்.

நம்ம பக்கத்துக்குன்னே உள்ள ரெண்டு சிக்கல். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர்ல. சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் பக்கம் நிறைய பேர் ஆதார்ல இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம்னு இருக்கும், வாடகை ஒப்பந்தத்துல மயிலாடுதுறைன்னு இருக்கும், விண்ணப்பம் எந்த கலெக்டருக்குப் போறதுன்னு குழப்பமாகி திரும்பி வரும். முதல்ல ஆதார திருத்திட்டு வாங்க. இன்னொன்னு, காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வீடு காரைக்கால்ல, அச்சகம் கும்பகோணத்துல, ஆசிரியர் திருவாரூர்லன்னு இருக்கலாம், ஆனா வெளியீட்டு இடம் எதுன்னு ஒன்ன முடிவு பண்ணி எல்லாக் காகிதத்துலயும் அதையே ஒரே எழுத்துக்கூட்டல்ல போடுங்க. நாகப்பட்டினம், நாகபட்டினம்னு ரெண்டு விதமா இருந்தாகூட கேள்வி வரும்.

6. காசுக் கணக்கு

அச்சகத்துல "எவ்வளவு ஆகும்"னு கேக்காதீங்க. ஃபாரம் கணக்குல பேசுங்க. டெமி அளவு இதழ்னா 18க்கு 23 இஞ்ச் தாள் ஒன்னுல ரெண்டு பக்கமும் அடிச்சா 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். 80 பக்கம்னா 5 ஃபாரம். 500 பிரதிக்கு 2500 தாள், ஒரு ரீம் 500 தாள், ஆக 5 ரீம், கூட வீணாகுறதுக்குக் கொஞ்சம். பக்கத்த எப்பவும் 16ஆல வகுபடுற மாதிரி வைங்க, 84 பக்கம்னு போனா அந்த நாலு பக்கத்துக்கு தனி செலவு. பேப்பர், பிளேட், அச்சுக் கூலி, அட்டைக்கு நாலு கலர், லேமினேஷன், மடிப்பு பைண்டிங், வண்டி வாடகைன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க, ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னு அதே சீட்டுல எழுதச் சொல்லுங்க. இதழ், புத்தகம் விக்கிறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சக பில்லுல உண்டு, அத நம்மளால திரும்ப எடுக்க முடியாது, செலவுலதான் சேரும்.

200, 300 பிரதிக்குக் கீழன்னா டிஜிட்டல் பிரிண்ட் பாருங்க, அதுக்கு மேல ஆஃப்செட் மலிவு.

விலை வைக்கிறதுலதான் நிறைய இதழ் செத்துப் போகுது. உதாரணத்துக்கு எல்லாச் செலவும் சேத்து 500 பிரதிக்கு 40,000 ரூபான்னு வைங்க, பிரதிக்கு 80. விலை 120 வச்சா லாபம் மாதிரி தெரியும். கடைக்கு 35 சதவீதம் கழிவு குடுத்தா கைக்கு வர்றது 78. வித்த ஒவ்வொரு பிரதிக்கும் 2 ரூபா நஷ்டம், அதுவும் கடைக்காரர் பணம் குடுத்தாதான். அதனால கடைய நம்பி அடிக்காதீங்க, சந்தாவ நம்பி அடிங்க. 150 பேர் வருஷச் சந்தா முன்கூட்டி கட்டினாதான் அச்சுக்குப் போறதுன்னு ஒரு கோடு போட்டுக்குங்க. எழுதினவங்களுக்கும் பேசினவங்களுக்கும் குடுக்கிற பணம் "மிச்சம் இருந்தா"ன்னு வைக்காதீங்க, பேப்பர் செலவு மாதிரி அதுவும் முதல் வரில இருக்கணும்.

விளம்பரம் பத்தி: நகைக்கடை, அரிசி ஆலை, கட்சிக்காரங்க குடுப்பாங்க. அரிசி ஆலைக்காரர் விளம்பரம் பின்னட்டைல, உள்ள சுமைப்பணி கூலி பத்திக் கட்டுரைன்னா ரெண்டுல ஒன்னு அடுத்த இதழ்ல இருக்காது. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

7. எழுத்துரு, திருத்தம்

அச்சகத்துல இன்னும் பாமினி, ஸ்ரீலிபின்னு பழைய எழுத்துரு ஓடுது, நீங்க யூனிகோட்ல குடுத்தத மாத்தும்போது கொம்பு, கால் இடம் மாறும், ஜ, ஸ, ஷ, ஹ போயிடும். முடிஞ்சா நீங்களே யூனிகோட்ல பக்கம் கட்டி, எழுத்துரு உள்ள பதிச்ச பிடிஎஃபா குடுங்க. பக்கம் கட்டுற மென்பொருள் இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசர தேர்வு பண்ணலன்னா தமிழ் உடைஞ்சுதான் வரும். நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி திறந்த உரிமம் உள்ளத எடுத்துக்கிட்டா உரிமச் சிக்கல் இல்ல.

அதவிட பெரிய விஷயம் திருத்தம். நல்ல எண்ணத்தோடதான் செய்வாங்க, ஆனா ஒரு அம்மா "நாத்துக்கட்டு தூக்கிட்டு வரப்புல வர்றப்ப காலு வழுக்கி வுளுந்துட்டன்"னு சொன்னத "நாற்றுக்கட்டைச் சுமந்து வரப்பில் வரும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டேன்"னு மாத்திடுவாங்க. அங்கயே அந்த அம்மா காணாமப் போயிட்டாங்க. திருத்துறவங்களுக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க: பேச்சு நடைய தொடாதீங்க, தட்டச்சுப் பிழைய மட்டும் பாருங்க, சந்தேகம்னா வட்டம் போடுங்க, மாத்தாதீங்க. ஊர் பேச்ச எழுதுறதுல ஒரே ஆளு ஒரே சொல்ல மூணு விதமா எழுதியிருந்தா அத மட்டும் ஒழுங்கு பண்ணுங்க. வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போட்டுத் தள்ளாதீங்க, வாசகர் படிக்கப் படிக்க புரிஞ்சுக்குவாரு. அடிக்குறிப்பு நிறைய வந்தா பேசுறவங்க ஏதோ அருங்காட்சியகத்துல இருக்கிற மாதிரி ஆயிடும்.

கடைசி புரூஃப காகிதத்துலதான் பாக்கணும், பேசுனவங்க சொன்ன ரெக்கார்டிங்க ஒரு காதுல போட்டுக்கிட்டே பாருங்க.

8. அச்சகம்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சில குடுத்தா பக்கத்துலயே போயி நின்னு பாக்கலாம், சிவகாசி மலிவா இருக்கலாம் ஆனா ஆடிப் பெருக்குலேந்து மார்கழி வரைக்கும் அங்க காலண்டர், டைரி வேல, சின்ன வேலைய ஓரமா வச்சுடுவாங்க. சென்னைல குடுக்கிறதா இருந்தா ஜனவரி புத்தகக் காட்சிக்கு முந்தி டிசம்பர்ல குடுக்காதீங்க. ஐப்பசி கார்த்திகைல மழை ஈரத்துல அட்டை சுருளும், கட்டு வந்ததும் தரைல வைக்காம பலகை மேல வைங்க.

பருவ இதழ்னா அச்சகம் போர்ட்டல்ல பதிவாகி இருக்கணும், இல்லன்னா உங்க விண்ணப்பமே நகராது. விலை பேசுறதுக்கு முன்னாடியே இதக் கேளுங்க. அச்சடிக்கப் போற விஷயம் என்னன்னும் முன்னாடியே சொல்லிடுங்க. பிளேட் போட்டதுக்கு அப்புறம் "இத எங்க பேர்ல அடிக்க முடியாது"ன்னு சொன்னா பிளேட் காசு நம்மளது. உரிமையாளர், வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் பேரு, முகவரி வர்ற வரிய நீங்களே கையால எழுதிக் குடுத்து, சான்றிதழ்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க.

9. தபாலும் விற்பனையும்

பதிவு பெற்ற செய்தித்தாள்னு தபால் துறைல தனியா பதிவு வாங்கினா ஒரு பிரதி அனுப்ப பைசாக் கணக்குலதான் ஆகும். ஆனா அதுக்கு 31 நாளுக்கு மேல இடைவெளி இல்லாம வரணும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் காட்டணும்ங்கிறது ரொம்ப காலமா உள்ள விதி. காலாண்டிதழுக்கு அது கிடைக்காது. இத தெரியாம காலாண்டிதழ்னு பதிவு பண்ணிட்டு தபால் சலுகைய நம்பி சந்தா விலை வச்சவங்க கைக்காச போட்டு அனுப்பிட்டு இருக்காங்க. உங்க கோட்டத் தபால் கண்காணிப்பாளர் ஆபீஸ்ல நிபந்தனைய எழுத்துல வாங்கிட்டு அப்புறம் விலை வைங்க.

புத்தக வடிவத்துக்கு 2025 மே மாசத்துலேந்து ஞான் போஸ்ட்னு தபால் துறையோட தனி சேவை இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோவுக்கு 100 ரூபா, இந்தத் தொகையோட வரியும் சேரும். மேல சொன்ன 80 பக்க டெமி அளவுல ஒரு தொகுப்பு 70 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) தாள்ல அட்டையோட சுமார் 100 கிராம்தான் வரும், ஒரே கட்டணத்துல ரெண்டு பிரதி போகும், அதனால "நண்பருக்கும் சேத்து" சந்தான்னு ஒன்னு வைங்க. விளம்பரம் உள்ள வெளியீட்ட அதுல எடுக்க மாட்டாங்க, பதிப்பகம் அல்லது அச்சகம் பேரு அச்சாகி இருக்கணும். பழைய ரெஜிஸ்டர் தபால் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, அந்த விலைய போட்டு கணக்கு பண்ணாதீங்க.

மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள், கல்லூரித் தமிழ்த்துறைங்க, தொழிற்சங்க மாநாடு, பெண்கள் குழுக் கூட்டம், இங்கதான் நம்ம இதழ் ஓடும். 1968ல கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள எரிச்சுக் கொன்ன கீழ்வெண்மணிக்கு, அந்த நினைவு நாளான டிசம்பர் 25 அன்னிக்கு எல்லா ஊர்லேந்தும் ஜனங்க வருவாங்க. அங்க போறதா இருந்தா அஞ்சலிக்குப் போங்க, வெண்மணி பத்தி உருப்படியா ஏதாச்சும் அந்த இதழ்ல இருந்தா மட்டும் பிரதி கொண்டு போங்க. கடைல வைக்கிற பிரதிக்கு சலான்ல கையெழுத்து வாங்கி, மூணு மாசத்துக்கு ஒரு தடவ போயி வித்தது விக்காதது எண்ணிடுங்க.

10. இதழ் வந்ததுக்கு அப்புறம்

பேசினவங்களுக்கும் எழுதினவங்களுக்கும் பிரதிய முதல்ல குடுங்க, வெளியீட்டு விழாவுக்கு முன்னாடியே, நேர்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு அவங்க பக்கத்த படிச்சுக் காட்டிட்டு வாங்க. பணத்த அன்னிக்கே குடுங்க.

சட்டப்படி 4 நூலகத்துக்கு ஒவ்வொரு பிரதி போகணும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். 1954 சட்டம் இது, புத்தகம்னா வெளியான 30 நாளுக்குள்ள அனுப்பணும். கடமைக்குன்னு நினைக்காதீங்க, இன்னும் ஐம்பது வருஷம் கழிச்சு நம்ம ஆளுங்க என்ன பேசினாங்கன்னு ஒருத்தர் தேடினா அங்கதான் கிடைக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிடுங்க. ஐஎஸ்எஸ்என் (பருவ இதழுக்கான சர்வதேச எண்) வேணும்னா டெல்லில சிஎஸ்ஐஆர் நிஸ்பர்ங்கிற அரசு நிறுவனத்துல இலவசமா குடுக்குறாங்க, கல்லூரி ஆளுங்க எழுதணும்னா கேப்பாங்க.

ஒப்புதல் படிவங்கள ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க, ஒன்னு ஆபீஸ்ல இல்லாத இடமா, வெள்ளம் ஏறாத மாடி வீடா இருக்கட்டும். பதிவு பெற்ற இதழ்னா நிதியாண்டு முடிஞ்சதும் போர்ட்டல்ல வருடாந்திர அறிக்கை போடணும்: எத்தன இதழ் வந்துச்சு, எத்தன பிரதி, எப்படி வித்துச்சுன்னு. நேரத்துல போடலன்னா முதல் தடவைக்கே 20,000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு, நம்ம ஒரு இதழ் செலவுல பாதி அது. அதுக்குன்னு ஒவ்வொரு இதழ் வரும்போதும் அச்சக பில், பேப்பர் பில், தபால் ரசீத ஒரே ஃபைல்ல போட்டுட்டு வாங்க, ஏப்ரல் பிறந்ததும் இந்த வேலைய பாக்க குழுவுல ஒரு ஆள பேர் சொல்லி நியமிச்சிடுங்க.